எழுத்தை எண்ணாதே, எழுத்தைப் படி!

தோழா!

லோயர் கேம்ப்பிலிருந்து எழுதுகிறேன். நேற்றிரவு கூடலூரில் நாடகம். திரை விழுந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. உறக்கம் பிடிக்கவில்லை, விடிந்தும் விடியாத வேளையில் மலையடிவாரத்திற்கு வந்து சேர்ந்தேன். எதிரே குமுளி மலை. அதன் மார்பின் மீது நான்கு பெருங்குழாய்கள். அவற்றுள் பாய்ந்திறங்கும் நீர், மின்நிலையத்துப் பொறிகளைச் சுழற்றி, ஒளியைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு, தன்னைக் கழனிக்குக் கொடுக்கப் புறப்படுகிறது. கேரளத்து மலையில் பிறந்து மேற்கே கடலில் கலக்க வேண்டிய நீர், கிழக்கே திரும்பி இராமநாதபுரம் வரை தாகம் தீர்க்கிறது. கண்கொள்ளாக் காட்சி!

அந்தக் காட்சியில் நான் கரைந்து நின்றபோதுதான், தேநீர்க் கடையிலிருந்து ஓர் இளந்தோழன் கைப்பேசியும் கையுமாக ஓடி வந்தான்.

"அண்ணே! இதைப் பார்த்தீர்களா? 1851-ஆம் ஆண்டு எழுதிய அமெரிக்க நாவலாம். ஆப்கானிஸ்தான் போரை அப்போதே அதில் எழுதிவிட்டார்களாம். அடுத்த போரும் அதற்குள்ளேயே மறைந்திருக்கிறதாம். எழுத்துகளை எண்ணி எடுத்தால் தெரியுமாம்!"

எத்தனை 'ஆம்' பார்த்தாயா தோழா! 'ஆம்' மேல் 'ஆம்' அடுக்கியே ஓர் ஆலயம் எழுப்பிவிடுகிறார்கள். அறிவுக்கு அந்த ஆலயத்தில் நுழைய அனுமதி இல்லை.

அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. நல்ல பிள்ளை, நேற்று எங்கள் நாடகத்துக்கு மேடை கட்டிய பிள்ளை. அவன் உள்ளத்தில் இருப்பது அறியாமை என்பதைவிட அச்சம் என்பதே பொருந்தும். 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டபோது, இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து படைக்குப் போன பிள்ளைகளின் வீடுகளில் அடுப்பெரியாத இரவுகள் உண்டு. அந்த அச்சம் உண்மையானது. அந்த அச்சத்தை விலைபேச வருகிறானே, அவன்தான் போலி! அவனுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அந்த நாவலின் பெயர் 'மோபி டிக்'. ஹெர்மன் மெல்வில் எழுதியது. திமிங்கில வேட்டைக் கதை. அதன் முதல் இயலிலேயே, கதைசொல்லி தன் கடற்பயணத்தை விதி அச்சடித்த ஒரு விளம்பரத் தாளில் இடம்பெற்ற சிறு காட்சியாகக் கற்பனை செய்து வேடிக்கை பேசுகிறான். அந்தத் தாளில் அவன் பயணத்துக்கு மேலே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின் பெரும் போட்டி. கீழே ஆப்கானிஸ்தானில் குருதி சிந்தும் சண்டை. 2000-இல் புஷ்ஷும் கோரும் மோதிய தேர்தல் நீதிமன்றம் ஏறியது. 2001-இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. உடனே எழுந்தது கூச்சல்: "ஆகா! நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்தான் தீர்க்கதரிசி!"

தீர்க்கதரிசியா? மெல்வில் திமிங்கிலக் கப்பல் ஏறியது 1841 ஜனவரியில். அவர் கடலில் இருந்தபோது, 1842 ஜனவரியில், காபூலிலிருந்து பின்வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. ஏறத்தாழ 4,500 படைவீரர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். உடன் நடந்த பணியாட்களும் பெண்களும் குழந்தைகளும் 12,000 பேர். பனி தின்றது பாதியை. பசியும் குண்டும் தின்றன மீதியை. குதிரைமீது துவண்டபடி ஜலாலாபாத் வந்து சேர்ந்த பிரைடன் என்ற வெள்ளை மருத்துவரை ஓவியமாகத் தீட்டி வைத்துக்கொண்டது பிரிட்டன். பனியில் புதைந்த சிப்பாய்க்கு யார் தீட்டினார் ஓவியம்?

அந்த நாவலின் வாசகர்களுக்கு அது பத்தாண்டுக்கு முந்திய செய்தி. நடந்து முடிந்த போரை ஓர் எழுத்தாளர் நினைவுகூர்ந்தார். அதை நடக்கப்போகும் போராக்கிவிட்டான் குறி தேடுபவன். நம் நாட்டுச் சிப்பாய்களின் சாவை, இன்னொரு நூற்றாண்டின் போருக்கு ஜாதகமாக்கிவிட்டான்! தோழா, குறிபார்ப்பதன் முதற் குற்றம் இதுதான்: அது வரலாற்றைத் திருடுகிறது. இறந்தவனை இரண்டாம் முறை புதைக்கிறது.

வெளிப்படையாய் இருப்பதையே இப்படிப் புரட்டுகிறவர்கள், மறைந்திருப்பதைத் தேடப் புகுந்தால் என்னவாகும்? அதற்கும் கதை உண்டு.

மைக்கேல் ட்ராஸ்னின் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1997-இல் ஒரு நூல் வெளியிட்டார். எபிரேய வேதத்தின் எழுத்துகளை இத்தனைக்கு ஒன்று என்று சம இடைவெளியில் பொறுக்கினால், கொலைகளும் போர்களும் தெரிகின்றன என்றார். இஸ்ரேல் பிரதமர் ரேபின் 1995-இல் கொல்லப்பட்டது அதில் இருக்கிறது என்றார். உலகப் போரையும் அங்கே கண்டார்; 2000, 2006 என்று ஆண்டுகளையும் குறித்தார். எதிர்த்தவர்களை நோக்கி, ஒரு பிரதமரின் கொலையை 'மோபி டிக்' நாவலிலிருந்து எடுத்துக் காட்டட்டும், நம்புகிறேன் என்று சவால் விட்டார்.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பிரெண்டன் மெக்கே சவாலை ஏற்றார். ட்ராஸ்னின் கையாண்ட அதே வழியில் 'மோபி டிக்'கைத் துழாவினார். ஒரு பிரதமர் கிடைத்தார். யார் தெரியுமா? நம் இந்திரா காந்தி! பெயரும், பெயரின் குறுக்கே குருதிச் செயல் என்னும் பொருள் தரும் சொற்களும். டிராட்ஸ்கி, மார்ட்டின் லூதர் கிங், ரேபின் என்று பட்டியல் நீண்டது. கடைசியில், சவால் விட்ட ட்ராஸ்னினின் சாவையே அந்த நாவலிலிருந்து எடுத்துக் காட்டினார். மெல்விலுக்கு இந்திரா காந்தியைத் தெரியாது. மெக்கேக்கு மறைபொருள் நம்பிக்கை கிடையாது. எவ்வளவு பெரிய நூலிலும் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று காட்டத்தான் எடுத்தார். ட்ராஸ்னின் குறித்த 2000 வந்து போயிற்று; 2006-உம் வந்து போயிற்று. உலகப் போர் வரவில்லை.

எப்படி முடிகிறது இது? கம்பம் சந்தையில் காய் வாங்குவது போன்ற எளிய கணக்கு. நூறாயிரம் எழுத்துள்ள ஒரு நூலை எடு. தொடங்குமிடம் நூறாயிரம். தாண்டும் அளவு ஓராயிரம் வரை என்று வைத்துக்கொள். பெருக்கு. பத்துக் கோடி வழிகள்! பின்னோக்கியும் படித்தால் இருபது கோடி. இருபது கோடிக் கதவைத் தட்டுகிறவனுக்கு ஏதேனும் ஒரு கதவு திறக்காமலா போகும்? திறந்த கதவைக் காட்டுகிறான். திறவாத கோடிகளை மறைக்கிறான்.

இன்னும் எளிதாகச் சொல்லவா? "போடி சென்றவர் ஏலக்காய் வாங்கி வந்தார்" என்று நான் எழுதுகிறேன். முதல் எழுத்து 'போ'. அங்கிருந்து ஆறு எழுத்துத் தாண்டினால் ஏழாம் எழுத்து 'ர்'. சேர்த்துப் பார்: போர்! ஐயகோ, ஏலக்காய் வாங்கப் போனவர் தலையில் போர் விடிந்துவிட்டதே! எண்ணிப் பார் தோழா, சரியாகவே இருக்கும். எண்ணிக்கை சரி, எண்ணம்தான் பிழை.

இந்தப் பித்தலாட்டத்தை, இதே போன்ற பெரிய நாவல் ஒன்று முன்பே தோலுரித்திருக்கிறது. டால்ஸ்டாயின் மாபெரும் நாவல், டி.எஸ். சொக்கலிங்கம் தமிழில் 'போரும் வாழ்வும்' என்று தந்தாரே, அதுதான். 1812-இல் நெப்போலியன் ருஷ்யாமீது படையெடுக்கிறான். பியேர் என்னும் செல்வந்தன் அஞ்சுகிறான். எழுத்துக்கு எண் கொடுத்துக் கூட்டும் வித்தையை ஒருவர் அவனுக்குச் சொல்கிறார். நெப்போலியன் பெயரைப் பட்டத்தோடு கூட்டினால் 666. வேதம் சொன்ன கொடிய விலங்கின் எண்! அந்த விலங்கை வீழ்த்தப் பிறந்தவன் யார்? பியேர் தன் பெயரைக் கூட்டுகிறான், வரவில்லை. பட்டத்தைச் சேர்க்கிறான், வரவில்லை. எழுத்தை மாற்றுகிறான், இனத்தைச் சேர்க்கிறான், இலக்கணத்துக்கு மாறாக ஓர் எழுத்தை விழுங்குகிறான், வந்துவிட்டது 666! பூரித்துப்போகிறான். தன் விதி நெப்போலியனோடு பின்னப்பட்டது என்று நம்பி, எரியும் மாஸ்கோவில் அவனைக் கொல்லக் காத்திருந்து, கொல்லாமலே பிரெஞ்சுக்காரரிடம் கைதியாகிறான்.

பார்த்தாயா? விடை வரும்வரை கணக்கை மாற்றுவது. வந்ததும் விதி என்பது! டால்ஸ்டாய் 1860-களில் எழுதிய நையாண்டி இது. வேடிக்கை என்னவென்றால், வேதத்தின் தொடக்கநூலில் புகழ்பெற்ற யூத குருமார்களின் பெயரும் நாளும் மறைந்திருப்பதாக 1994-இல் சிலர் ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். மெக்கேயும் தோழர்களும் டால்ஸ்டாய் நாவலின் எபிரேய மொழிபெயர்ப்பில் அதே அளவு எழுத்தை எடுத்து, பெயர்களை எழுதும் முறையைச் சற்றே தளர்த்தி, அதே வியப்பை அங்கும் வரவழைத்துவிட்டார்கள். 1999-இல் அதே ஆய்விதழ் அந்த மறுப்பை வெளியிட்டது. குறி தேடுவோரைக் கேலி செய்த நாவலிலேயே குறி!

"அப்படியானால் எழுத்தாளர்களுக்கு எதிர்காலமே தெரியாதா?" என்று கேட்பாய். நியாயமான கேள்வி. எச்.ஜி. வெல்ஸ் 1914-இல் எழுதிய நாவலில் 'அணுகுண்டு' என்றே எழுதினார். ஹிரோஷிமா எரிந்தது 1945-இல். அது எப்படி? கதிரியக்கத்தைப் பற்றி சாடி என்ற விஞ்ஞானி எழுதிய நூலை வெல்ஸ் ஊன்றிப் படித்தார். படித்ததைச் சொல்லி நாவலை அந்நூலுக்கே உரிமையாக்கினார். அணுவில் ஆற்றல் உண்டு. மனிதனிடம் பேராசை உண்டு. இரண்டையும் கூட்டினால் என்ன வரும் என்று வெளிச்சத்தில் உட்கார்ந்து கணக்கிட்டார். லியோ சிலார்ட் என்ற இயற்பியலாளர் 1932-இல் அந்த நாவலைப் படித்தார். மறு ஆண்டு, 1933-இல், அணுத் தொடர்வினை என்னும் கருத்து அவருக்குத் தோன்றியது. வெல்ஸின் கதையிலும் அணுவின் பூட்டுத் திறப்பது 1933-இல்தான்! குறிகாரன் இதைப் பறையறைந்து சொல்வான். அதே நாவலில் அணுப்போர் 1956-இல் வருகிறது. குண்டுகள் நாட்கணக்கில் ஓயாமல் வெடித்துக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் நடக்கவில்லை. இதைச் சொல்வானா? சொன்னால் கடை சாத்த வேண்டுமே!

இதுவரை சிரித்தோம். இனிச் சிரிக்க முடியாத செய்தி.

போர்க்காலத்தில் குறி யாருக்கு உதவுகிறது? இரண்டாம் உலகப் போரில் கோயபெல்ஸின் பிரச்சாரத் துறை, 16-ஆம் நூற்றாண்டின் நாஸ்ட்ரடாமஸ் செய்யுள்களில் ஜெர்மானிய வெற்றி இருப்பதாக எழுதிப் பரப்பியது. அதற்கு கார்ல் எர்னஸ்ட் கிராஃப்ட் என்ற சோதிடரைப் பயன்படுத்தியது. பிரிட்டன் சும்மா இருந்ததா? லூயி டி வோல் என்ற சோதிடரைக் கொண்டு, இட்லரின் தோல்வியைச் சொல்லும் பொய்ச் செய்யுள்களை அச்சடித்தது. ஒரே கிழவரின் வாயில் இரண்டு நாட்டு வெற்றி! கிராஃப்ட்டை 1941-இல் அவரை வைத்துப் பிழைத்த ஆட்சியே சிறையிலிட்டது. 1945 ஜனவரியில், புக்கன்வால்ட் வதைமுகாமுக்குக் கொண்டு செல்லும் வழியில் மாண்டார். உலகின் விதியைச் சொன்னவருக்குத் தன் வழிச்செலவு தெரியவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியை இரண்டாம் ஆண்டிலேயே விட்டுவிட்டு நாடகம் எழுதத் தொடங்கிய காலம். ஒரு நாடகத்தில், எல்லைக்குப் போன மகன் பிணமாய் வீடு திரும்பும் காட்சி வைத்தேன். கைதட்டல் வேண்டி வைத்த காட்சிதான், மறைக்கமாட்டேன். மூன்றாண்டு கழித்து, அந்த நாடகம் நடந்த சிற்றூரிலேயே ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு பெட்டி வந்தது. "முன்கூட்டியே எழுதிவிட்டார்" என்று ஊர் பேசியது. அந்தப் புகழ், வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு வாரம் எனக்கு இனித்தது.

பிறகு அந்தத் தாயைப் பார்க்கப் போனேன். திண்ணையில் என்னருகே உட்கார்ந்தார். அழவில்லை. "தம்பி, உனக்குத்தான் முன்னமே தெரிந்திருக்கிறதே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவனை அனுப்பியிருக்க மாட்டேனே" என்றார்.

எனக்கு நா எழவில்லை, தோழா. அம்மா, எனக்கு எதுவும் தெரியாது. நான் வெறும் கதைக்காரன் என்று சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. அன்று விளங்கியது, குறி என்னும் கொடுமை யாரைச் சுடுகிறது என்று. பிள்ளையை எல்லைக்கு அனுப்பியது அரசு. போரை மூட்டியது இரு நாட்டு அரசியல். அவன் வேலைக்குப் படையைத் தேடியது ஊரில் பிழைப்பில்லாமல். ஆனால் குறி, அத்தனை பேரையும் விடுதலை செய்துவிட்டு, "முன்பே எழுதியிருந்ததே, நீ ஏன் பார்க்கவில்லை?" என்று பெற்றவளைக் கூண்டில் ஏற்றுகிறது. விதி எழுதியது என்றால் ஆணையில் கையெழுத்திட்டவன் குற்றவாளி அல்லவே! வெடிகுண்டு விற்றவன் கணக்குக் காட்ட வேண்டாமே! அதனால்தான் குறிகாரனை எந்தப் போர்வெறியனும் வெறுத்ததில்லை.

இதை லோயர் கேம்ப்பில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த மண், கணிப்புகளோடு போராடிய மண்.

பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாம் என்று 1789-லேயே வழிதேட ஆளனுப்பியவர் இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. 1808-இல் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வந்து பார்த்து, இது வெறுங் கனவு, இனி எண்ணிப் பார்க்கவும் தகாதது என்ற பொருளில் அறிக்கை தந்தார். அதை விதியென்று ஏற்றிருந்தால்? ஏற்கவில்லை. மலையை அளந்தார்கள், வெள்ளத்தை அளந்தார்கள், தொடக்கத்தில் கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றபோதும் மறுபடி அளந்தார்கள். பென்னிகுக் தலைமையில் 1887-இல் தொடங்கி, காய்ச்சலுக்கும் காட்டுக்கும் எத்தனையோ கூலித் தொழிலாளரைப் பலிகொடுத்து, 1895-இல் நீரைத் திருப்பினார்கள். 1958 முதல் அந்த நீர் இங்கே மின்சாரமும் தருகிறது. இந்த ஊரில் 2013-இல் திறந்த மணிமண்டபத்தில் பென்னிகுக் சிலையாய் நிற்கிறார். சோதிடருக்கு இங்கே சிலை இல்லை.

பிறகு வந்தது இன்னொரு கணிப்பு: அணை உடையும்! 1979-இல் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள். அணையை வலுப்படுத்தும் வேலைகள் நடந்தன. ஆனாலும் மட்டம் உயரவில்லை. 2011 நவம்பரில் 'டேம் 999' என்று ஒரு திரைப்படம், பழைய அணை உடைவதைக் கதையாக்கி வந்தது. தமிழ்நாட்டில் அதற்குத் தடை. அடுத்த மாதம், கம்பமும் கூடலூரும் சுற்றுச் சிற்றூர்களும் திரண்டு, ஆயிரமாயிரமாய் இந்தச் சாலையில்தான் குமுளி நோக்கி நடந்தன. எல்லை அடைபட்டது. நாள்தோறும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் கூலி பார்க்கும் நம் பெண்கள், வேலையின்றி வீட்டில் முடங்கினர். இரு மாநிலத்து ஏழைகளும் ஒருவரையொருவர் பகைவராய்ப் பார்த்த நாட்கள் அவை.

நான் நாடகக்காரன். கதை எழுதுகிறவன் கையைக் கட்டு என்று சொல்லமாட்டேன். அணைக்குக் கீழே இடுக்கியில் வாழும் தாயின் அச்சத்தைக் கேலி செய்யவும் மாட்டேன். அவளுக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அவள் அச்சத்துக்கு மருந்து எது? திரையில் உடையும் அணையா, அளந்து சொல்லும் அறிவா? உச்சநீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் குழு அளந்தது. கட்டுமானம், வெள்ளம், நிலநடுக்கம் ஆகிய மூன்று வகையிலும் அணை பாதுகாப்பானது என்று 2012-இல் அறிக்கை தந்தது. 2014 மே 7-இல் 142 அடிக்குத் தீர்ப்பு. அவ்வாண்டு நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது. அணை நின்றது. இனியும் அளக்கட்டும்; ஆண்டுதோறும் அளக்கட்டும்; இரு மாநிலத்தாரும் சேர்ந்து அளக்கட்டும். அளப்பதற்கு நாம் அஞ்சவில்லை. அளக்காமலே ஆரூடம் சொல்வதைத்தான் எதிர்க்கிறோம்.

தோழா! நாளை உன்னிடமும் ஒருவன் கைப்பேசியை நீட்டுவான். மூன்று கேள்வி கேள். இந்தக் குறியை, நிகழ்ச்சி நடப்பதற்கு முன் எந்தத் தேதியில் எங்கே வெளியிட்டாய்? பொருந்தாமல் போனவை எத்தனை, பட்டியல் எங்கே? இதை நான் நம்பினால் இலாபம் யாருக்கு? முதல் கேள்வியில் திணறுவான், இரண்டாவதில் விழிப்பான், மூன்றாவதில் நழுவிவிடுவான்.

அந்த இளந்தோழனிடம் இவ்வளவையும் சொன்னேன். தேநீர் ஆறிவிட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்து, "அப்படியானால் அடுத்த போர் வருமா வராதா என்று நாம் எப்படித்தான் அறிவது, அண்ணே?" என்றான்.

"ஒளித்து வைக்கவில்லையப்பா, அச்சிட்டே வைத்திருக்கிறார்கள்" என்றேன். "வரவுசெலவுத் திட்டத்தில் படைக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று பார். எந்த அமைச்சர் எந்த மேடையில் எந்த இனத்தைப் பழிக்கிறார் என்று கேள். எந்த ஒப்பந்தத்தைக் கிழிக்கிறார்கள், எந்த ஆயுதத்துக்குக் கையெழுத்திடுகிறார்கள் என்று படி. போர் அங்கே வரிவரியாக எழுதப்படுகிறது. எழுதும்போதே படித்துவிட்டால், அடித்துத் திருத்தவும் நம்மால் முடியும்."

அவன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மேடைப் பலகைகளை வண்டியில் ஏற்ற வேண்டுமே என்று என்னையும் எழுப்பினான். இருவரும் கூடலூர் நோக்கி நடந்தோம். பக்கத்திலே, திருப்பிவிடப்பட்ட ஆறு.